டீனிக்குக் குறுக்கே நின்றவர்கள்

குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீருக்குள் கிடக்கிறாள் டீனி. காதலன் அவளைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். வகுப்பில் ஆசிரியை வேர்ட்ஸ்வொர்த் கவிதையின் சில வரிகளுக்குப் பொருள் கேட்க, எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் உடைந்துபோய் வெளியே ஓடியிருக்கிறாள். அம்மா குளியலறைக்குள் வருகிறாள். சுற்றி வளைத்துப் பேசுகிறாள். அந்தப் பையனுக்கு நானே ஃபோன் போட்டுக் கேட்கிறேன் என்கிறாள். கடைசியில், இத்தனை நாள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததைக் கேட்டேவிடுகிறாள்: அவன் உன்னைக் கெடுத்துவிட்டானா?

டீனி சிரிக்கிறாள். தண்ணீருக்குள் முங்குகிறாள். பிறகு அந்தச் சிரிப்பு அலறலாகிறது. ஒன்றும் நடக்கவில்லை, நான் நல்ல பெண்தான், அம்மா சொன்னபடிதான் நடந்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே எழுகிறாள். அம்மா பயந்தது எதுவும் நடக்கவில்லை என்பதுதான் மகளைப் பைத்தியமாக்கியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு இது புரிய இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்.

'ஸ்ப்ளெண்டர் இன் த கிராஸ்' 1961-ல் வெளியானது. இயக்கம் எலியா கசான். கதையும் திரைக்கதையும் நாடகாசிரியர் வில்லியம் இஞ்ச். அதற்கு ஆஸ்கர் வாங்கினார். டீனியாக நடித்த நாட்டலி வுட்டின் பெயரும் பரிந்துரையில் இருந்தது, ஆனால் விருது அந்த வருடம் சோஃபியா லாரனுக்குப் போனது. காதலன் பட் ஸ்டாம்பராக வந்த வாரன் பீட்டிக்கு இதுதான் முதல் படம். கதை நடப்பது 1928-ல், கன்சாஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், எண்ணெய்க் கிணறுகள் பணத்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்த ஒரு சிற்றூரில்.

ஆக, இன்று இதைப் போட்டுப் பார்க்கிறவர் மூன்று காலங்களைச் சேர்த்துப் பார்க்கிறார். 1928-ன் விதிகள், அந்த விதிகளை 1961-ன் ஆட்கள் பார்த்த பார்வை, நம்முடைய காலம். பழைய படத்தைப் பார்த்து, 'அடடா, அப்போது எவ்வளவு கட்டுப்பாடு, இப்போது எவ்வளவு சுதந்திரம்' என்று பெருமூச்சு விடுவது சுலபம். ஆனால் இந்தப் படத்தில் தடை போடுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தால் கணக்கு அப்படி நேராக வருவதில்லை.

முதலில் கதை. டீனியின் அப்பா மளிகைக் கடைக்காரர். கையில் கொஞ்சம் எண்ணெய்க் கம்பெனிப் பங்குகள் இருக்கின்றன. ஊரே அந்தப் பங்குகளை நம்பித்தான் கனவு காண்கிறது. பட்டின் அப்பா ஏஸ் ஸ்டாம்பர், அந்த எண்ணெய்க்கே சொந்தக்காரர். கிணற்றுக் கோபுரத்திலிருந்து விழுந்து கால் ஊனமானவர். தன்னால் ஓட முடியாத ஓட்டத்தையெல்லாம் மகன் ஓட வேண்டும் என்ற வெறி. மகன் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: டீனியைக் கல்யாணம் செய்துகொண்டு விவசாயக் கல்லூரியில் படித்து, அப்பாவின் பண்ணை நிலத்தில் வாழ வேண்டும். அப்பா யேல் பல்கலைக்கழகம் என்கிறார். நான்கு வருடம் படித்துவிட்டு வா, அப்புறம் அவளையே கட்டிக்கொள் என்கிறார். அதுவரை உடம்பு தாங்காதே என்றால், அதற்கு வேறு வகைப் பெண்கள் இருக்கிறார்கள் என்று தகப்பனே வழி காட்டுகிறார். பையன் அந்த வழியில் போகிறான். விஷயம் டீனிக்குத் தெரிகிறது. அவள் உடைகிறாள், நீர்வீழ்ச்சியை நோக்கி ஓடுகிறாள், காப்பாற்றப்படுகிறாள், விச்சிட்டாவில் ஒரு மனநல விடுதிக்கு அனுப்பப்படுகிறாள்.

இதில் யாரும் கொடியவர்கள் இல்லை. இஞ்சின் திறமை இங்கேதான். டீனியின் அம்மா மகளுக்குச் சொல்லும் பாடம் எல்லாம் அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னது. நல்ல பெண்ணுக்கு அந்த ஆசை வராது, கணவனுக்காகப் பொறுத்துக்கொள்வதுதான் பெண்ணின் பங்கு, குழந்தை பிறக்கத்தான் அதெல்லாம். டீனி கேட்கும் கேள்வி நேரானது: ஒரு பையனைப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றினால் அது தப்பா? பதில் வருவதில்லை. பேச்சு மாறுகிறது.

இதே அமைதி டாக்டர் அறையிலும். ஊர் டாக்டரிடம் சிகிச்சைக்குப் போன இடத்தில் பட் தன் தவிப்பைச் சொல்லிப் பார்க்கிறான். பையனைப் பிறந்த நாளிலிருந்து அறிந்த மனிதர், அன்பானவர்தான். ஆனாலும் தடுமாறி, மழுப்பி, அனுப்பிவைத்துவிடுகிறார். அவர் கூச்சப்படுவதைப் பார்த்து இன்றைய ரசிகர் சிரிக்கலாம். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. 1873-ல் வந்த காம்ஸ்டாக் சட்டப்படி கருத்தடைச் சாதனத்தையோ அது பற்றிய விவரத்தையோ அமெரிக்க அஞ்சலில் அனுப்புவதே ஆபாசக் குற்றம். டாக்டர்களாவது அவற்றைத் தருவித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் வழிவிட்டது 1936-ல். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் கருத்தடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1972-ல். படப்பிடிப்பு நடந்த 1960-ம் வருடம்தான் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கேமரா முன்னால் இரண்டு பேர் 1928-ன் பயத்தில் துடித்துக்கொண்டிருக்க, கேமராவுக்குப் பின்னால் அந்தப் பயத்தின் உடலியல் காரணம் ஒழிந்துகொண்டிருந்தது.

திரையில் அதைச் சொல்லத்தான் இன்னும் அனுமதி இல்லை. 1934-லிருந்து கண்டிப்பாக அமலில் இருந்த தயாரிப்பு ஒழுக்க விதிகள் ஹாலிவுட்டில் 1968 வரை உயிரோடு இருந்தன. வயதுவாரிச் சான்றிதழ் முறை வந்த பிறகுதான் அவை போயின. அந்த விதிகளை நடத்திய அலுவலகத்தோடும் கத்தோலிக்க ஒழுக்கச் சங்கத்தோடும் பேரம் பேசித்தான் கசானின் படம் அரங்குக்கு வந்தது. குளியல் தொட்டியிலிருந்து டீனி எழுந்து ஓடும் காட்சியில் கத்தரி விழுந்தது. பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசாமல் ஒரு குடும்பம் எப்படி அவளை நோயாளி ஆக்கியது என்று காட்டும் படம். அதிலும் உடம்பு வரும் இடத்தில்தான் வெட்டு. தணிக்கையாளர்கள் தங்களை அறியாமல் படத்துக்குள் ஒரு பாத்திரமாகவே நடித்துக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அந்த இரண்டு மூன்று வருடங்களில் ஹாலிவுட்டுக்கு, இளம் காதலுக்குப் பெற்றோர் போடும் தடை என்ற விஷயம் பிடித்துக்கொண்டது. 1959-ல் வந்த 'எ சம்மர் பிளேஸ்' படத்தில் மகள் இரவு முழுக்கக் காதலனோடு தீவில் மாட்டிக்கொண்டு திரும்பியதும், அம்மா டாக்டரை வரவழைத்துக் கன்னிமைச் சோதனை செய்யவைக்கிறாள். சாண்ட்ரா டீ அழுகிறார், ரசிகர் கொதிக்கிறார், இசை பெருகுகிறது. அந்த அம்மா அரக்கி. அவளை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். டீனியின் அம்மாவை வெறுக்க இஞ்ச் இடம் கொடுக்கவில்லை. அந்தப் படம் இன்று வெறும் இசைத்தட்டாக மிஞ்சியிருப்பதும், இது இன்னும் வலிப்பதும் அதனால்தான்.

அந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் ஊர்ப் பெயர் வருவதில்லை. படம் கன்சாஸில் எடுக்கப்படவும் இல்லை. நியூயார்க் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எடுத்தார்கள், நீர்வீழ்ச்சிகூட நியூயார்க் மாநிலத்து ஹை ஃபால்ஸ். ஆனால் இஞ்ச் பிறந்தது 1913-ல், கன்சாஸின் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரில். அங்கே எண்ணெய் என்றால் கதை இல்லை. ஹாரி சின்க்ளேர் தன் எண்ணெய்ச் சாம்ராஜ்யத்துக்கு அடி போட்டது அந்த ஊரில் இருந்துகொண்டுதான். 1936-ல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்த ஆல்ஃப் லாண்டனும் அந்த ஊரின் எண்ணெய் வியாபாரிதான். ஏஸ் ஸ்டாம்பர் போன்றவர்களைத் தெருவில் பார்த்து வளர்ந்த பையன் எழுதிய கதை இது.

கன்சாஸ் 1880-லேயே மாநில அரசியல் சாசனத்தில் மதுவிலக்கை எழுதிவைத்த மாநிலம். 1948 வரை அதை எடுக்கவில்லை. படத்தில் ஏஸ் வீட்டுப் புத்தாண்டு விருந்தில் சாராயம் ஆறாக ஓடுகிறது. சாசனத்தில் ஒன்று, வரவேற்பறையில் ஒன்று. பெண்கள் விஷயத்திலும் இதே இரட்டைக் கணக்குதான். அதை முழுக்கத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறவள் பட்டின் அக்கா ஜின்னி. வெட்டிய கூந்தல், சிவந்த உதடு, கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவள், அவசரக் கல்யாணம் செய்து அதை அப்பா ரத்து செய்யவைத்தவள், கருவைக் கலைத்தவள் என்று ஊர் பேசுகிறது. பகலில் அவளைக் கண்டு முகம் திருப்புகிற பையன்களே இரவில் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். அந்தப் புத்தாண்டு விருந்தில், வெளியே, காருக்குப் பக்கத்தில், அவளுக்கு நடப்பதைக் கசான் கொஞ்சமாகத்தான் காட்டுகிறார். அந்தக் கொஞ்சமே போதும். தம்பி பார்க்கிறான். 'வேறு வகைப் பெண்' என்று அப்பா சொன்னது யாரை என்று அவனுக்குப் புரியும் இடம் அது. தன் சொந்த அக்காவை.

ஜின்னியாக நடித்த பார்பரா லோடன் பிற்பாடு கசானின் மனைவியானார். 1970-ல் 'வாண்டா' என்ற படத்தைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். வீட்டையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு எங்கெங்கோ அலையும் ஒரு பெண்ணின் கதை. அமெரிக்கச் சுதந்திர சினிமாவின் முக்கியமான படங்களில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது. ஜின்னிக்குத் திரைக்கதையில் கிடைக்காத நிதானத்தை லோடன் அங்கே வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம். இஞ்ச் ஜின்னியைக் கார் விபத்தில் சாகடித்துவிட்டார். படத்தில் எனக்குச் சமாதானம் ஆகாத இடம் அதுதான். அப்படிப்பட்ட பெண்ணை என்ன செய்வது என்று 1928-ன் ஊருக்கும் தெரியவில்லை, 1961-ன் எழுத்தாளருக்கும் தெரியவில்லை.

இன்றைய ஜின்னி? அவளைப் பற்றிய கிசுகிசு கைப்பேசிப் படமாகப் பள்ளி முழுக்கச் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. 2022 ஆகஸ்டில் கன்சாஸ் மக்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது: கருக்கலைப்பு உரிமைக்கு மாநிலச் சாசனம் தரும் பாதுகாப்பை எடுத்துவிடலாமா? மதப்பற்றும் பழமைவாதமும் ஊறிய மாநிலம். எடுத்துவிடுவார்கள் என்றே பலர் நினைத்தார்கள். நூற்றுக்கு 59 பேர் கூடாது என்று வாக்களித்தார்கள். ஏஸ் ஸ்டாம்பர் விருந்தில் ஜின்னியை ஓரக்கண்ணால் பார்த்த வீடுகளின் கொள்ளுப் பேத்திகளும் அதில் இருந்திருப்பார்கள்.

இனி, நேராக வராத கணக்குக்கு வருகிறேன்.

1950-களின் நடுவில் அமெரிக்கப் பெண்ணின் முதல் கல்யாண வயது சராசரியாக 20. பாதிப் பேர் அதற்கு முன்பே கட்டிக்கொண்டார்கள். 1957-ல் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 96 பேர் குழந்தை பெற்றார்கள். அமெரிக்க வரலாற்றில் பதிவான உச்சம் அது. அவர்களில் பெரும்பாலோர் கல்யாணம் ஆனவர்கள். அந்த ஜனங்கள்தான் 1961-ல் அரங்கில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார்கள். அவர்கள் காதில் பட் கேட்டது எப்படி விழுந்திருக்கும்? நியாயமான கோரிக்கையாக. பதினெட்டு வயதில் கல்யாணம், பண்ணை, குழந்தை: அவர்களே செய்தது அதுதானே. கொடுத்திருந்தால் ஒரு பெண் மனநல விடுதிக்குப் போயிருக்க மாட்டாள். ஏஸின் பேராசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

இன்று அதே கல்யாண வயது பெண்ணுக்கு 28-ஐத் தாண்டிவிட்டது, ஆணுக்கு 30. பதின்வயதுப் பிரசவம் ஆயிரத்துக்கு 13 அளவுக்கு இறங்கிவிட்டது. இன்றைய தகப்பன் ஒருவரிடம் போய், உயர்நிலைப் பள்ளி முடிக்கும் மகன், கூடப் படிக்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு பண்ணைக்குப் போகிறேன் என்று சொல்லட்டும். என்ன பதில் வரும்? முதலில் படிப்பை முடி. நான்கு வருடம் போகட்டும். உலகத்தைப் பார். அப்போதும் அவள்தான் வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

வார்த்தைக்கு வார்த்தை ஏஸ் ஸ்டாம்பர் சொன்னதுதான்! 1961-ன் வில்லத்தனம் இன்று குடும்பத்துக்குக் குடும்பம் நல்ல புத்தியாக உட்கார்ந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் தடை ஒழியவில்லை; இடம் மாறியது. அன்று தாலிக்கு முன்னால் தொடக்கூடாது, தொட வேண்டுமென்றால் சீக்கிரம் கட்டிக்கொள். இன்று தொடுவதைப் பற்றி வீட்டில் ஒருவேளை பேசவும் செய்கிறார்கள், பள்ளியிலேயே பாடம் எடுக்கிறார்கள். ஆனால் பதினெட்டு வயதில் 'எனக்கு இவள்தான், கடைசிவரை' என்று ஒருவன் சொன்னால் சுற்றியிருக்கிறவர்கள் பதறுகிறார்கள். பட்டுக்கு வேண்டியிருந்தது இரண்டும். அவன் எந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் பாதிதான் கிடைத்திருக்கும்.

இன்னொரு விநோதம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசே ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. உடலுறவு கொண்டதுண்டா என்ற கேள்விக்கு 1991-ல் நூற்றுக்கு 54 பேர் ஆம் என்றார்கள். 2021-ல் 30 பேர். மாத்திரை இருக்கிறது, பாடம் இருக்கிறது, அம்மா குளியலறைக்குள் வந்து விசாரிப்பதில்லை. பிள்ளைகள் பாட்டுக்கு அறைக்குள் இருக்கிறார்கள், தனியாக, கையில் திரையோடு. அதே 2021 கணக்கெடுப்பில் மாணவிகளில் 57 சதவீதம் பேர், வாரக்கணக்காகத் தீராத சோகமும் நம்பிக்கையின்மையும் இருந்ததாகச் சொன்னார்கள். பெருந்தொற்றுக் காலம், அதைத் தள்ளிக் கணக்கிட வேண்டும். அடுத்த 2023 கணக்கிலும் அது பாதிக்குக் கீழே இறங்கவில்லை. காதலைத் தடுத்ததால்தான் டீனிக்குச் சித்தம் கலங்கியது என்று 1961-ன் மனோதத்துவ மோகம் தெளிவாகச் சொன்னது. ஃப்ராய்டை அரைகுறையாகப் படித்த காலத்தின் தன்னம்பிக்கை. தடையை எடுத்த பிறகும் டீனிகள் அழுகிறார்கள் என்றால் அந்த விளக்கம் முழு விளக்கம் இல்லை.

விடுதிக்கே வருவோம். டீனியை அங்கே சேர்க்கப் பணம் வேண்டும். மளிகைக் கடைக்காரர் தன் எண்ணெய்ப் பங்குகளை விற்கிறார். சில மாதத்தில் 1929 அக்டோபரில் பங்குச் சந்தை தரைமட்டமாகிறது. மகளுக்குப் புத்தி பேதலித்ததால் அந்தக் குடும்பம் பிழைத்தது. மகனை யேலுக்கு அனுப்பிய ஏஸ், நியூயார்க்கில் மாடி ஜன்னலிலிருந்து குதித்துச் செத்தார். இஞ்ச் இந்த முரணை அடிக்கோடு போடாமல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார். டீனி அந்த விடுதியில் இரண்டரை வருடம் இருக்கிறாள். புல்வெளி, ஓவிய வகுப்பு, பொறுமையாகப் பேசும் டாக்டர், கூடவே சிகிச்சைக்கு வந்திருக்கும் ஜானி என்ற இளைஞன். அவனைத்தான் பிறகு கட்டிக்கொள்ளப் போகிறாள். உண்மையில் அன்றைய அரசு மனநல மருத்துவமனைகள் பெரும்பாலும் அப்படி இருக்கவில்லை. அது காசுள்ளவர்களுக்கான கவனிப்பு. ஆனால் கன்சாஸுக்கு அந்தப் பெருமையும் உண்டு: டோபிகாவில் மெனிங்கர் குடும்பம் நடத்திய மருத்துவமனை பல பத்தாண்டுகள் அமெரிக்க மனநல மருத்துவத்தின் தலைநகரம் மாதிரி இருந்தது. டோபிகா அரசு மருத்துவமனை 1997-ல் மூடப்பட்டது. மெனிங்கரும் 2003-ல் ஹூஸ்டனுக்குப் பெட்டி கட்டிவிட்டது. இன்றைய டீனிக்கு மாத்திரைச் சீட்டு கிடைக்கும், உள்ளே சேர்த்தால் சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். இரண்டரை வருடம் ஒருவர் உட்கார்ந்து கேட்பது கோடீஸ்வரர்களுக்கும் அரிது. எது மேல் என்று சட்டென்று சொல்லிவிட முடியவில்லை.

நீர்வீழ்ச்சிக் காட்சி எடுத்த அன்று நாட்டலி வுட் நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தார். சிறுமியாக நடித்த ஒரு படத்தில் ஏற்பட்ட விபத்திலிருந்து அவருக்கு இருண்ட தண்ணீர் என்றால் ஆகாது. கசான் தன் உதவியாளரைக் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் தண்ணீருக்குள் இறக்கி அவருக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தார். அந்தப் பயத்தைத்தான் திரையில் பார்க்கிறோம். 1981 நவம்பரில் கேட்டலினா தீவுக்குப் பக்கத்துக் கடலில் மூழ்கி அவர் இறந்தார், வயது 43. அதே 1981-ல் இந்தப் படத்தைத் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுத்தார்கள். ஜின்னியாக நடித்தவர் மிஷேல் ஃபைஃபர், அப்போது யாருக்கும் தெரியாத பெண். காலம் இருபது வருடம் தள்ளி வந்திருந்தது, அந்த ஆசைக்கும் அந்தத் தடைக்கும் நடுவில் இருந்த இறுக்கம் போயிருந்தது. பிரதியில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

அதற்குப் பிறகு காதல் படம் எடுக்கிறவர்களுக்கு வந்த பிரச்சினை இதுதான்: பெற்றோர் தடுக்காவிட்டால் கதைக்கு எங்கே போவது? ஆக, 'ட்விலைட்' படத்தில் காதலன் ரத்தக் காட்டேரி. தொட்டால் கடித்துவிடுவானோ என்ற பயம் அவனையே விலகி நிற்கவைக்கிறது. 1928-ன் கற்பு பல் முளைத்துத் திரும்பி வந்த மாதிரி. 'த ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' படத்தில் புற்றுநோய். அப்பா அம்மாக்கள் இரண்டிலும் நல்லவர்கள், கவலைப்படுகிறவர்கள், கதைக்கு உதவாதவர்கள். பழைய அர்த்தத்தில் ஊரும் வீடும் தடுக்கிற காதல் எங்கே மிஞ்சியது என்றால், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளில். பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்று அப்படி ஒரு பள்ளிக்கூடக் காதலைச் சொல்ல 2018 வரை, 'லவ், சைமன்' வரை, ஆயிற்று.

இஞ்சின் வாழ்க்கை இங்கே வந்து உறுத்துகிறது. அவர் ஆண்களை விரும்பியவர்; அதை வாழ்நாள் முழுக்க மறைத்தே வைத்திருந்தார், அதன் சுமையைக் குடியில் கரைக்கப் பார்த்தார். 1973-ல் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் கார் கொட்டகையில் தற்கொலை செய்துகொண்டார். டீனியையும் பட்டையும் பற்றி அவர் எழுதியபோது, அவர்களுக்கு மறுக்கப்பட்டது இன்னது என்று அவருக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். படத்தில் ஊர்ப் பாதிரியாராக வந்து பிரசங்கம் செய்கிறவர் அவரேதான். எவ்வளவு கசப்பான நகைச்சுவை! இண்டிபெண்டன்ஸில் இன்று அவர் பெயரில் ஒரு நாடக விழா நடக்கிறது, 1980-களின் தொடக்கத்திலிருந்து. எண்ணெய்க் காலத்தில் 12,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் இப்போது 8,500 பேர் அளவுக்குத்தான் இருக்கிறார்கள்; சின்க்ளேர் போய் செஸ்னா விமானத் தொழிற்சாலை வந்திருக்கிறது. ஊர்க் கல்லறையில் இருக்கும் அவர் கல்லில் பெயரோடு 'நாடகாசிரியர்' என்று மட்டும் இருக்கிறது.

கடைசிக் காட்சி. கசான் தன் படங்களிலேயே தனக்கு மிகப் பிடித்த முடிவு என்று இதைச் சொல்லியிருக்கிறார். டீனி வீடு திரும்புகிறாள். தோழிகள் பார்க்க வருகிறார்கள். அவன் எங்கே என்று டீனி கேட்கிறாள். அம்மாவும் தோழிகளும் மழுப்புகிறார்கள். படம் முழுக்க வாயைத் திறக்காமல் ஓரமாக இருந்த அப்பா அப்போது சொல்கிறார்: பழைய பண்ணையில் இருக்கிறான், போய்ப் பார். மருத்துவர்களும் பாதிரியாரும் தாயும் செய்யாத ஒன்றை மளிகைக் கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் செய்துவிடுகிறார்.

வெள்ளை உடையும் அகன்ற தொப்பியுமாகக் கோழிகளுக்கு நடுவே அவள் வந்து நிற்கிறாள். அவன் அழுக்கு வேலை உடையில். இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே அவன் மனைவி ஏஞ்சலினா. நியூஹேவனில் பீட்ஸா கடை வைத்திருந்த இத்தாலியக் குடும்பத்துப் பெண். பட்டுக்குப் பீட்ஸா என்றால் என்னவென்று அறிமுகப்படுத்தியவள். வயிற்றில் ஒன்று, தரையில் ஒன்று. வந்திருப்பவள் யார் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தன் பழைய உடையை ஒரு கணம் பார்த்துக்கொள்கிறாள். டீனி குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறாள். அவ்வளவுதான், சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. பண்ணை வேண்டும் என்று கேட்டவனுக்குப் பண்ணை கிடைத்துவிட்டது, யாருக்காகக் கேட்டானோ அவள் இல்லாமல்.

இந்தச் சந்திப்பு இன்று நடக்காது. இன்றைய டீனிக்கு அவன் கல்யாணப் படம் அன்றைக்கே வந்திருக்கும். முதல் குழந்தையின் தொட்டில், கோழிக் கூண்டு, ஏஞ்சலினாவின் சமையல், எல்லாம் தினமும் கண்ணில் பட்டிருக்கும். இரண்டரை வருடம் எதுவும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் காரிலிருந்து இறங்கி, ஒரே பார்வையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் அந்த அதிர்ச்சிக்கும் அதோடு வரும் விடுதலைக்கும் வழியே இல்லை. அவனைத் தொடர்வதை நிறுத்தவா வேண்டாமா என்று விரல் திரைமேல் நின்றிருக்கும்.

இத்தனை முறை பார்த்தும் அந்தக் காட்சியில் என் கண் போவது நாட்டலி வுட்டின் பக்கம் இல்லை. ஏஞ்சலினாவாக நடித்த ஸோரா லாம்பர்ட்டின் பக்கம்தான். டீனி போன பிறகு பட் உள்ளே வந்து மனைவியை முத்தமிடுகிறான். அவள் முகத்தில் இருப்பது சந்தேகமா, நிம்மதியா, இரண்டும் கலந்த ஏதோ ஒன்றா? காதலர்களைப் பற்றி அறுபது வருடமாக எழுதியாயிற்று. இந்தக் கதையை அவள் அடுப்பங்கரையிலிருந்து யாராவது படமாக எடுத்தால், முதல் காட்சிக்கே டிக்கெட் வாங்கிவிடுவேன்.